இறவாதவர்களுக்கு இடையே மூப்பு: தொடராட்டத்துக்கு எந்த விதியைத் தெரிவு செய்வது?

இறப்பில்லாத பாத்திரங்களைக் கொண்டு நீண்ட ரோல்பிளேயிங் தொடர் ஒன்றை, அதாவது மேசையைச் சுற்றி அமர்ந்து ஆளுக்கொரு பாத்திரமாகப் பேசிக் கதையை வளர்க்கும் ஆட்டத்தை, பல அமர்வுகளாகத் தொடங்க விரும்பும் குழு, எந்த விதிநூலை வாங்குவது என்று யோசிப்பதற்கு முன்னரே ஒரு விடயத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். நானூறு ஆண்டுகள் வாழ்ந்துவிட்ட ஒரு பாத்திரமும் எண்பது ஆண்டுகள் மட்டுமே வாழ்ந்த ஒரு பாத்திரமும் ஒரே அறையில் நிற்கும்போது, இடையிலுள்ள முந்நூற்றிருபது ஆண்டுகள் அவர்களுடைய உறவில் என்ன வேலை செய்யப்போகின்றன என்பதே அது. அவை அதிகாரமாக நிற்கப்போகின்றனவா, கடனாக நிற்கப்போகின்றனவா, அல்லது பாத்திரத் தாளின் மூலையில் எழுதிய ஓர் எண்ணாக மட்டும் கிடக்கப்போகின்றனவா? விதிநூல்கள் இதற்குத் தரும் விடைகள் ஒன்றுக்கொன்று மிகவும் வேறுபட்டவை. ஒன்றைத் தெரிவு செய்துவிட்டுத் தொடரின் நடுவே மாற்றுவதும் கடினம், ஏனெனில் அதற்குள் பாத்திரங்களுக்கிடையே நன்றியும் பகையும் காதலும் அந்த விதியின் மேலேயே வளர்ந்திருக்கும்.

கொழும்பில் தமிழில் ஆடும் குழுக்களை மனத்தில் வைத்தே இந்த ஒப்பீட்டை எழுதுகிறேன். வெள்ளவத்தையிலோ கொட்டாஞ்சேனையிலோ யாரேனும் ஒருவருடைய வீட்டில், ஞாயிறு பிற்பகலிலோ போயா விடுமுறையிலோ கூடும் இத்தகைய குழுவில் பல்கலைக்கழக மாணவரும் நாற்பதைக் கடந்தவரும் ஒன்றாக அமர்வதுண்டு. விதிநூல் ஆங்கிலத்தில் இருக்கும். பேச்சு தமிழில் நடக்கும். எந்த விதி பொருந்தும் என்பதை இவ்விரண்டும் சேர்ந்தே பெரிதும் தீர்மானிக்கின்றன.

ஒப்பீடு வெறுங்கருத்தாக நின்றுவிடாமல் இருக்க, கொழும்பிலேயே நடக்கும் ஒரு கதைக்கென மூன்று பாத்திரங்களை எடுத்துக்கொள்கிறேன். முதலாவது, போர்த்துக்கேயரின் கொழும்புக் கோட்டை 1656இல் ஒல்லாந்தரிடம் வீழ்ந்தபோது இறவாதவளாகிய ஒரு மருத்துவச்சி. இரண்டாவது, ஆளுநர் ஹென்றி வார்ட் காலிமுகத் திடலை அமைத்த 1859ஆம் ஆண்டில் அவளால் இறவாதவராக்கப்பட்ட, செட்டியார் தெருக் கணக்குப்பிள்ளை ஒருவர். மூன்றாவது, நாடு சுதந்திரமடைந்த 1948இல் துறைமுகத்தில் எழுதுவினைஞராக இருந்து, அந்தக் கணக்குப்பிள்ளையால் இந்நிலைக்கு வந்தவர். மூவரும் நன்கு வளர்ந்தவர்களாக இருந்தபோதே இறவாமையை அடைந்தவர்கள். மூவருடைய முகத்தைப் பார்த்தாலும் முப்பத்தைந்துக்கு மேல் மதிக்க முடியாது.

முதலில் கணக்கைப் பார்த்துவிடலாம். மருத்துவச்சிக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இடையே 203 ஆண்டுகள். இந்த எண் ஒருபோதும் குறையாது. ஆயினும் 1859இல் அவளுக்குப் பின்னால் 203 ஆண்டு இறவா வாழ்வு இருந்தது, அவருக்கு ஒன்றுமில்லை. 1959இல் அவளுக்கு 303, அவருக்கு 100, அதாவது மூன்று மடங்கு. 2059இல் 403க்கு 200, ஏறத்தாழ இரண்டு மடங்கு. 3000ஆம் ஆண்டில் 1344க்கு 1141. அவளுடைய மூப்பு ஐந்தில் ஒரு பங்கைக்கூட எட்டாது. மனித வாழ்வில் வயது இடைவெளி பெரிதாகத் தெரிவதற்குக் காரணம் வாழ்நாள் குறுகியது என்பதுதான். வாழ்நாளுக்கு எல்லையே இல்லையென்றால் எந்த இடைவெளியும் விகித அளவில் தேய்ந்துகொண்டே போகும். அப்படியானால் இறவாதவர்களுக்கிடையே வயது வேறுபாடு பொருளற்றது என்று விட்டுவிடலாமா? நான் அப்படி எண்ணவில்லை. விகிதம் தேய்கிறது, தொடக்கம் தேய்வதில்லை. கணக்குப்பிள்ளை தம் புதிய நிலையின் முதல் இரவில் ஒன்றும் விளங்காமல் நடுங்கியபோது பக்கத்தில் இருந்தவள் மருத்துவச்சி. அவர் எதை எதையெல்லாம் அறியாதவராக இருந்தார், எதற்கெல்லாம் அவளைக் கெஞ்சினார் என்பதை அவள் அறிவாள்; அவளுடைய முதல் இரவைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. ஆயிரம் ஆண்டு கழிந்தாலும் இந்த அறிவு ஒருபக்கமாகவே இருக்கும். எனவே ஒவ்வொரு விதியிடமும் நான் முதலில் கேட்பது இதைத்தான்: இளையவர் என்றேனும் மூத்தவரோடு சமமாக நிற்க இந்த விதி வழி விடுகிறதா, விட்டால் அதற்கு அவர் கொடுக்கும் விலை என்ன?

மிகப் பரவலாக ஆடப்படும் டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் இந்தக் கேள்வியை ஏறக்குறைய எழுப்புவதே இல்லை. 1974இல் தொடங்கிய இந்த ஆட்டத்தின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தபோது, எல்ஃப் என்னும் கற்பனை இனத்தவர் உடலளவில் மனிதரைப் போன்றே வளர்ந்துவிடுவார்கள் என்றும், ஆயினும் நூறு வயதை ஒட்டியே தம்மை முதிர்ந்தவராக அறிவித்துப் புதிய பெயரை ஏற்பார்கள் என்றும், 750 ஆண்டுகள் வரை வாழக்கூடியவர்கள் என்றும் சொன்னது. ஆனால் இந்த எண்கள் ஆட்டத்தின் இயக்கத்தைத் தொடுவதில்லை. முந்நூறு வயது எல்ஃபும் இருபத்திரண்டு வயது மனிதரும் முதலாம் மட்டத்திலேயே தொடங்கி, ஒரே வேகத்தில் வளர்வார்கள். 2000ஆம் ஆண்டின் மூன்றாம் பதிப்பில் முதுமை கூடக் கூட உடல் வலிமை குறைந்து அறிவும் விவேகமும் ஏறும் என்றொரு விதி இருந்தது. அதுவும் பின்னர் போய்விட்டது. வயது நேராக வலிமையாக மாறுவதை இந்த ஆட்டத்தில் பார்க்க விரும்பினால் டிராகன்களிடம்தான் போக வேண்டும்: ஐந்து வயது வரை குஞ்சு, நூறு வரை இளையது, எண்ணூறு வரை வளர்ந்தது, அதற்கு மேல் தொன்மையானது என்று அவற்றுக்குப் படிகள் உண்டு, படிக்குப் படி ஆற்றல் பெருகும்.

இந்த வழியின் நன்மை வெளிப்படையானது. யாரும் யாருக்கும் மேலில்லை. புதிதாக வருபவர் தயக்கமின்றி வாய் திறக்கலாம். ஆனால் நம்முடைய மருத்துவச்சியை இந்த விதிக்குள் கொண்டுவந்தால், கோட்டை முற்றுகையின் பட்டினியைக் கண்டவள் நேற்று வந்த எழுதுவினைஞரைவிட எதையும் கூடுதலாக அறியாதவளாகிவிடுவாள். அந்த நானூறு ஆண்டுகளில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்று யாரேனும் கேட்டால், விதியிடம் பதில் இல்லை. மாஸ் எஃபெக்ட் என்னும் கணினி ஆட்டம் 2007இல் இதே சிக்கலை வேறு விதமாகத் தீர்த்தது: ஏறத்தாழ ஆயிரம் ஆண்டுகள் வாழும் அசாரி இனத்தில் 106 வயதுள்ள ஆய்வாளர் ஒருவர் தம் இனத்தாரால் இளையவராகவே மதிக்கப்படுகிறார். வாழ்நாளின் எந்தப் பங்கைக் கடந்திருக்கிறோம் என்பதே வயது என்ற அந்த அளவுகோல் நீண்ட ஆயுள் கொண்டவர்களுக்குப் பொருந்தும். முடிவே இல்லாத வாழ்வுக்குப் பங்கு பிரிக்க முடியாது என்பதால், உண்மையான இறவாதவர்களிடம் அது செல்லாது. நான்கைந்து அமர்வுகளில் முடியும் சிறு கதைக்கு வயதைக் கண்டுகொள்ளாத விதி போதும். இறவாமையே கதையின் பொருளாக இருந்தால் போதாது.

இதற்கு நேர் எதிர்ப்பக்கத்தில் நிற்பது 1991இல் வெளிவந்த வாம்பயர்: த மாஸ்கரேட். இங்கே மூப்பு இரத்தத்தில் எழுதப்பட்டிருக்கிறது. முதல் இரத்தக் காட்டேரியாகிய கேயினிலிருந்து எத்தனையாவது கை என்பதே ஒருவருடைய தலைமுறை. ஆக்கப்பட்டவர் எப்போதும் ஆக்கியவரைவிடச் சரியாக ஒரு தலைமுறை கீழே இருப்பார். பழைய பதிப்புகளின் கணக்கில், பதின்மூன்றாம் தலைமுறையினர் தம்முள் பத்துப் புள்ளி இரத்தத்தைத் தேக்கி ஒரு சுற்றுக்கு ஒன்றைச் செலவிடலாம். எட்டாம் தலைமுறையினர் பதினைந்தைத் தேக்கி மூன்றைச் செலவிடலாம். இவையெல்லாம் சண்டைக் கணக்கு, பெரிதாகக் கவலைப்பட வேண்டியதில்லை. உறவைத் தீர்மானிப்பது வேறொரு விதி: பிறர் மனத்தைத் தன் கட்டளைக்குள் கொண்டுவரும் ஆற்றல், தன்னைவிட மேலான தலைமுறையினரிடம் பலிக்காது. ஆகவே மருத்துவச்சி கணக்குப்பிள்ளைக்குக் கட்டளையிட முடியும். கணக்குப்பிள்ளை அவளுக்கு ஒருபோதும் இட முடியாது. இதன்மேல் இரத்தப் பிணைப்பும் உண்டு. வெவ்வேறு மூன்று இரவுகளில் ஒரே காட்டேரியின் இரத்தத்தைக் குடித்தவர் அவரிடம் அடிமைத்தனமான அன்பு கொள்வார்.

இந்த ஆட்டத்தின் சமூகச் சட்டங்கள் ஆறில் பலவும் மூப்பைச் சுற்றியே அமைந்திருக்கின்றன. மூத்தவரின் அனுமதியின்றிப் புதியவரை ஆக்கக்கூடாது. ஆக்கியவர் விடுவிக்கும் வரை ஆக்கப்பட்டவரின் குற்றங்களுக்கு அவரே பொறுப்பு. விடுவித்தல் என்ற ஒன்று இருப்பதே இந்த விதியில் எனக்கு மிகவும் பிடித்த இடம், ஏனெனில் உறவு மாறுவதற்கான ஒரு வாசலை அது திறக்கிறது. ஆனால் சட்டப்படி விடுவிக்கப்பட்ட பிறகும் இரத்தத்தின் ஏற்றத்தாழ்வு அப்படியே இருக்கும். அதைக் கடக்க இருக்கும் வழி, மூத்த ஒருவரின் இரத்தத்தையும் ஆன்மாவையும் உறிஞ்சிக் குடித்து அவருடைய தலைமுறையை நெருங்குவது; அது அச்சமூகம் மன்னிக்காத கொடுங்குற்றம். எனவே நீண்ட தொடரில் இளையவருக்கு இரண்டு பாதைகளே எஞ்சுகின்றன: பணிவது அல்லது கொல்வது. துன்பியற் கதைக்கு இதைவிடப் பொருத்தமான கருவி கிடைக்காது. ஆனால் இருபது முப்பது அமர்வுகள் ஓட வேண்டிய கதையில், இளைய பாத்திரங்களை ஆடுபவர்கள் சலித்துப்போவதற்கும் இதுவே காரணமாகும்.

இன்னொன்றையும் கவனிக்க வேண்டும்: தலைமுறையும் ஆண்டும் ஒன்றல்ல. மிக மேலான தலைமுறையைச் சேர்ந்த ஒருவர் இன்றைக்கு ஒரு புதியவரை ஆக்கினால், நேற்றுப் பிறந்த அந்தப் புதியவர் நானூறு ஆண்டு வாழ்ந்த மருத்துவச்சியைவிடக் கனமான இரத்தம் உடையவராக இருப்பார். ஆங்கில விதிநூலை வாசிப்பவர்களுக்கு இது விந்தையாகப் படலாம். மருமகனைவிட வயதில் இளைய மாமாவும், மகன்முறையானவரோடு ஒரே வகுப்பில் படித்த சித்தப்பாவும் இருக்கும் பெரிய குடும்பங்களில் வளர்ந்த நமக்கு அது உடனே விளங்கும். முறையால் மூத்தவருக்கும் ஆண்டால் மூத்தவருக்கும் இடையிலான இந்த உரசலை நம் குழுக்கள் மிகவும் இயல்பாக ஆடும் என்பது என் நம்பிக்கை.

மூன்றாவது வழி, அதே மாஸ்கரேட்டை உருவாக்கிய மார்க் ரைன்ஹாகன் அதற்கு முன்னர் ஜொனதன் ட்வீட்டுடன் சேர்ந்து 1987இல் வெளியிட்ட ஆர்ஸ் மாஜிகா. இதில் வரும் மந்திரவாதிகள் முற்றாக இறவாதவர்கள் அல்லர். ஆயுளை நீட்டும் சடங்கினால் மனித வாழ்நாளைக் கடந்து வாழ்பவர்கள். இருந்தும் மூத்தவர் இளையவர் உறவை இவ்வளவு நுட்பமாகக் கையாண்ட வேறோர் ஆட்டத்தை நான் அறியேன். மாணவர் பதினைந்து ஆண்டுகள் ஆசிரியரிடம் இருப்பார். ஆண்டுக்கு ஒரு பருவமேனும் ஆசிரியர் கற்பித்தாக வேண்டும், மீதிப் பருவங்களில் மாணவர் ஆசிரியருக்கு உழைப்பார். முடிவில் ஒரு தேர்வு நடக்கும். அதில் தேறியவர் அந்த நொடியிலிருந்து மந்திரவாதிகள் சங்கத்தின் முழு உறுப்பினர். சபையில் தம் ஆசிரியருக்கு எதிராகவே வாக்களிக்கலாம். ஒரு மரபு மட்டும் இதற்கு விலக்கு: ட்ரெமியர் குடியினரில் மாணவரின் வாக்குரிமையை ஆசிரியரே வைத்திருப்பார், மந்திரப் போட்டியில் அவரை வென்றால்தான் அது கைக்கு வரும். ஒரே ஆட்டத்துக்குள் சமநிலைக்கு இரண்டு வழிகள் இருக்கின்றன; ஒன்று வழங்கப்படுவது, மற்றது வென்றெடுக்கப்படுவது. எந்தப் பாத்திரத்துக்கு எந்த வழி என்பதைத் தெரிவு செய்வதே அந்தப் பாத்திரத்தின் கதையில் பாதியை எழுதிவிடும்.

அறிவு வளர்வதற்கான கணக்கும் இதில் நேர்மையாக இருக்கிறது. ஒரு மந்திரக் கலையில் பத்தாம் படியை எட்ட 55 அனுபவப் புள்ளிகள் தேவை. இருபதை எட்ட 210. இருமடங்கு உயர ஏறத்தாழ நான்கு மடங்கு உழைப்பு வேண்டும் என்பதால், மூத்தவரின் ஏற்றம் மெதுவாகிக்கொண்டே போக, பின்னால் வருபவர் மெல்ல மெல்ல நெருங்குவார். மேலே காட்டிய விகிதக் கணக்கை, அதாவது 303க்கு 100 ஆக இருந்தது 1344க்கு 1141 ஆவதை, விதியாகவே மாற்றிய ஆட்டம் இது. பதின்மூன்றாம் நூற்றாண்டு ஐரோப்பாவில் நடப்பதாக எழுதப்பட்டிருந்தாலும், பதினைந்து ஆண்டுப் பணி, தேர்வு, சமநிலை என்ற எலும்புக்கூட்டை மட்டும் எடுத்து ஒல்லாந்தர் காலக் கொழும்புக்குக் கொண்டுவருவதில் எந்தச் சிரமமும் இல்லை.

நான்காவது வழி மறதி. மாஸ்கரேட்டுக்குப் பின் 2004இல் வந்த வாம்பயர்: த ரெக்வியம் தலைமுறையைக் கைவிட்டது. இரத்தத்தின் ஆற்றல் ஆண்டு செல்லச் செல்ல ஏறும். ஏற ஏற விலங்கின் இரத்தமும் பிறகு மனித இரத்தமும் பசியைத் தீர்க்காமல் போகும். அப்போது நீண்ட உறக்கத்துக்குள் போக வேண்டியிருக்கும். உறக்கத்தில் ஆற்றல் இறங்கும், நினைவு கலங்கும். மருத்துவச்சி 1870இல் உறங்கச் சென்று இன்று எழுகிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவள் கண்ட கோட்டை மதில்கள் இல்லை. அவள் ஆக்கிய கணக்குப்பிள்ளை இப்போது அவளைவிட வலியவர், நகரத்தையும் அவளைவிட நன்கு அறிந்தவர். அவர் அவளுக்குத் தெருவைக் கடக்கச் சொல்லித்தர வேண்டியிருக்கிறது. அவளுக்கோ அவர் இன்னமும் அந்த முதல் இரவில் நடுங்கியவர்தான். இந்த ஒரு காட்சிக்காகவே இந்த விதியை நான் பெரிதும் மதிக்கிறேன், ஏனெனில் எந்தக் குற்றமும் செய்யாமல், எவரையும் வெல்லாமல், இளையவர் மூத்தவராகிவிடும் வழி இது ஒன்றே.

மறதியை இன்னும் ஆழமாக எடுத்துச் செல்வது டிம் ஹட்சிங்ஸ் உருவாக்கிய, தனியொருவராக எழுதி ஆடும் தௌசண்ட் இயர் ஓல்ட் வாம்பயர். பாத்திரத்துக்கு ஐந்து நினைவுகள்தாம் இருக்க முடியும். ஒவ்வொரு நினைவிலும் மூன்று அனுபவங்கள். இடம் நிறைந்துவிட்டால் ஒன்றை அழிக்க வேண்டும், அல்லது நாட்குறிப்புக்கு மாற்ற வேண்டும். நாட்குறிப்பு நான்கு நினைவுகளையே கொள்ளும், அதுவும் தொலைந்துபோகலாம். ஆயிரம் ஆண்டு வாழ்ந்தவர் ஆயிரம் ஆண்டு நினைவுடையவர் அல்லர். இதை ஏற்றால் மூப்பு என்பதே ஆட்டம் காண்கிறது: தன்னை ஆக்கியவள் யாரென்பதைக் கணக்குப்பிள்ளை மறந்துவிட்டால் அவருக்கு அவள் மூத்தவள்தானா? ஐவர் கூடும் மேசைக்கு இந்த விதியை அப்படியே கொண்டுவருவது எளிதன்று, எழுத்து வேலை மிகும். ஆனால் ஒவ்வொரு பாத்திரத்துக்கும் வரையறுக்கப்பட்ட நினைவுகள் என்ற ஒன்றை மட்டும் கடன் வாங்கலாம்.

ஆண்டை எண்ணுவதா, விழித்திருந்த காலத்தை எண்ணுவதா என்ற கேள்வி நமக்குப் புதியதன்று. பலராமனை மணந்த ரேவதியின் கதையில், அவளுடைய தந்தை ககுத்மி அவளை அழைத்துக்கொண்டு பிரமலோகம் சென்று காத்திருந்த சிறுபொழுதில் மண்ணுலகில் யுகங்கள் கழிந்துவிடுகின்றன. திரும்பி வந்தவள் கணவனைவிட யுகக்கணக்கில் மூத்தவள், உயரத்திலும் மிக்கவள். அவன் கலப்பையால் அவளைத் தன் காலத்தின் அளவுக்குத் தாழ்த்தினான் என்பார்கள். அவள் அந்த யுகங்களை வாழவில்லை என்பதால் அவர்களுக்கிடையே மூப்பு இல்லை என்று கதை முடிவு செய்கிறது. உறங்கி எழும் மருத்துவச்சிக்கும் இதே நீதியைத்தான் ரெக்வியம் வழங்குகிறது.

இனி, விதிநூல் எதுவும் சொல்லித் தராத, தமிழில் ஆடும்போது தவிர்க்கவே இயலாத தீர்மானம்: யார் யாரை எப்படி விளிப்பது? ஆங்கிலத்தில் ஆடும் குழு இதைக் கடந்து போய்விடலாம். நம்மால் முதல் வாக்கியத்தைக்கூட அப்படிப் பேச முடியாது. யாழ்ப்பாண வழக்கில் வளர்ந்தவர்களுக்கு நீ, நீர், நீங்கள் என்ற மூன்று படிகள் கையில் இருக்கின்றன. மருத்துவச்சி கணக்குப்பிள்ளையை நீ என்று அழைத்து, விடுவித்த நாளில் முதன்முறையாக நீர் என்று சொன்னால், பகடை உருட்டாமலே மேசையில் இருப்பவர்களுக்கு எல்லாம் விளங்கிவிடும். மட்டக்களப்பிலிருந்தோ மலையகத்திலிருந்தோ வந்தவர்களுக்கு நீர் நாவில் இயல்பாக வராமல் இருக்கலாம். அவர்கள் நீங்கள் என்பதையே எல்லோருக்கும் வைத்துக்கொண்டு, ஐயா, அக்கா, மாமா போன்ற முறைச் சொற்களால் மூப்பைக் காட்டலாம்.

முறைச் சொல்லைத் தெரிவு செய்யும்போது மிகுந்த கவனம் வேண்டும். தன்னை ஆக்கியவளைப் பெரியம்மா என்று விளிக்கத் தொடங்கிய பாத்திரம் பின்னொரு நாள் அவளைக் காதலிக்க இயலாது. தமிழ்ச் செவி அதை ஏற்காது, ஏற்கவும் வேண்டியதில்லை. அண்ணா, தங்கச்சி என்பனவும் அப்படியே. அச்சொற்கள் இறவாதவர்களுக்கிடையே எந்த உறவு வளரலாம், எது வளரக்கூடாது என்பதை முன்கூட்டியே கட்டிவிடுகின்றன. ஏழு சிரஞ்சீவிகளில் கிருபரும் அசுவத்தாமனும் தாய்மாமனும் மருமகனும் ஆவர். இருவருக்கும் இறப்பில்லை, யுகங்கள் கழிந்தபின் அவர்களுக்கிடையே உள்ள ஆண்டு வேறுபாட்டைக் கணக்கிடுவது வீண். ஆயினும் கிருபர் மாமாதான், அசுவத்தாமன் மருமகன்தான். (அவர்களோடு எண்ணப்படும் விபீஷணனுக்குக் கொழும்புக்கு அருகே களனி விகாரையில் தேவாலயமே இருக்கிறது; கொழும்பில் நடக்கும் இறவாதவர் கதை ஒன்று அவனை நினையாமல் போவது எனக்கு வருத்தமாக இருக்கும்.) ஆண்டு தேய்ந்தாலும் முறை நிற்கும் என்பதைச் சொல்ல, விதிநூலின் தலைமுறைப் பட்டியலைவிட இந்த இருவரே நல்ல எடுத்துக்காட்டு.

ஆடுபவர்களுடைய உண்மை வயதும் இதனுள் கலக்கிறது. இருபத்தொரு வயது மாணவி மருத்துவச்சியை ஆடுகிறார், நாற்பத்தைந்து வயதுக்காரர் கணக்குப்பிள்ளையை ஆடுகிறார் என்றால், தேநீர் இடைவேளையில் அண்ணா, நீங்கள் என்று பேசியவர் அடுத்த நிமிடம் அவரை நீ என்று ஏவ வேண்டும். பலருக்கு இது முடிவதில்லை. முடியாமல் போவதால் மூத்த பாத்திரம் மங்கிப்போகிறது. இதைத் தவிர்க்க, மூத்த இறவாதவர்கள் தொடக்கத்திலிருந்து எல்லோரையும் நீர் என்றே அழைப்பார்கள், நீ என்பதைக் கோபத்துக்கும் ஆழ்ந்த நெருக்கத்துக்கும் மட்டுமே வைத்திருப்பார்கள் என்று முதல் நாளே வெளிப்படையாகப் பேசித் தீர்மானிக்கும்படி நான் பரிந்துரைக்கிறேன். அதற்குப் பிறகு மாணவிக்குக் கூச்சம் குறையும், மற்றவருக்கும் மரியாதை குறைந்ததாகத் தோன்றாது.

காதலைப் பொறுத்தவரை என் நிலைப்பாடு உறுதியானது. குழந்தைத் தோற்றமோ குழந்தை மனமோ உள்ள இறவாத பாத்திரத்தை, தாளில் எத்தனை நூற்றாண்டு எழுதியிருந்தாலும், காதற் கதைக்குள் கொண்டுவரக்கூடாது. இதில் பேச்சுக்கு இடமில்லை. வளர்ந்தவர்களுக்கிடையே என்று வரும்போது, நூற்றாண்டு இடைவெளியை நான் தடையாகக் கருதுவதில்லை. ஒருவர் மற்றவரைச் சார்ந்தே வாழ வேண்டிய நிலையைத்தான் தடையாகக் கருதுகிறேன். மருத்துவச்சிக்கும் 1948இன் எழுதுவினைஞருக்கும் இடையே 292 ஆண்டுகள் இருந்தாலும், அவரை ஆக்கியது அவளில்லை, அவர் தம் இரவுகளுக்கு அவளை நம்பியிருக்கவுமில்லை. அவர்கள் இருவரும் நேசிக்கலாம். அவளுக்கும் கணக்குப்பிள்ளைக்கும் இடையே அதைவிடக் குறைந்த ஆண்டுகள்தாம், ஆனால் விடுவித்தலுக்கு முன்னர் அவருடைய சம்மதம் முழுச் சம்மதமாக இருக்க முடியாது. மாஸ்கரேட்டின் இரத்தப் பிணைப்பை இதனோடு கலக்க விரும்பும் குழு, எல்லோரும் முன்கூட்டியே ஒப்புக்கொண்டால் மட்டுமே அதைச் செய்ய வேண்டும். காட்சி எல்லை மீறுகிறது என்று தோன்றினால் தொட்டவுடன் ஆட்டத்தை நிறுத்தும் எக்ஸ் அட்டை மேசை நடுவே இருப்பதும் நல்லது.

ஆக, எதைத் தெரிவு செய்வது? கணவன் மனைவியாகவோ நண்பர் இருவராகவோ ஆடுபவர்களுக்கு ரெக்வியத்தின் உறக்கம் மிகச் சிறந்தது. இரண்டு பாத்திரங்கள் இடம் மாறுவதைப் பார்ப்பதற்கு இரண்டு பேரே போதும். ஐந்தாறு அமர்வுகளில் ஒரு துரோகக் கதையை முடித்துவிட விரும்பும் குழு மாஸ்கரேட்டை அதன் கடுமையோடு எடுத்துக்கொள்ளட்டும். ஆனால் மாதம் ஒருமுறை போயாவில் கூடி, ஓர் ஆண்டோ இரண்டு ஆண்டோ ஆட நினைக்கும், வயது வேறுபட்ட நான்கைந்து பேருக்கு நான் சொல்வது கலப்பு விதி ஒன்றைத்தான். யார் யாரை ஆக்கினார் என்ற உறவை மாஸ்கரேட்டிலிருந்து எடுங்கள், தலைமுறைக்குரிய ஆற்றல் எண்களை விட்டுவிடுங்கள். பணிக்காலம், தேர்வு, அதன்பின் முழுச் சமநிலை என்பதை ஆர்ஸ் மாஜிகாவிலிருந்து எடுங்கள். பாத்திரத் தாளில் பிறந்த ஆண்டைச் சிறிதாக எழுதி, அதன் கீழே மூன்று கேள்விகளுக்கு விடை எழுதச் சொல்லுங்கள்: என்னுடைய முதல் இரவை அறிந்தவர் யார், யாருடைய முதல் இரவை நான் அறிவேன், என்னை விடுவித்தது யார் அல்லது இன்னும் விடுவிக்காதது யார்.

விடுவிக்கும் காட்சியைத் தொடரின் முதல் மூன்றிலொரு பங்குக்குள் வைத்துவிடுவது நல்லது. கதையின் உச்சமாக அதைக் கடைசிக்குத் தள்ளிவைத்தால், இளைய பாத்திரங்களை ஆடுபவர்கள் தொடர் முழுவதும் காத்திருப்பார்கள். சமமான பிறகு மருத்துவச்சியும் கணக்குப்பிள்ளையும் ஒருவரை ஒருவர் என்ன செய்வார்கள் என்பதைப் பார்க்க அமர்வுகள் எஞ்சியிருக்காது.